ஊர் உங்களை முதலில் விசாரிக்கும்: காவிரிப் படுகையில் களப்பணி செய்யும் இனவரைவியல் மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிராமத்தைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் பலவற்றில் முதல் இயலில் ஒரு பத்தி இருக்கும். ஆய்வாளர் எந்த மாவட்டத்தவர், எந்தச் சமூகத்தவர், ஆணா பெண்ணா, களத்தில் எவ்வளவு காலம் தங்கினார் என்று அது சொல்லும். அதன்பிறகு இருநூறு பக்கத்துக்கு அந்த ஆள் காணாமல் போய்விடுவார். மக்கள் பேசுவார்கள், திருவிழா நடக்கும், நடவு நடக்கும், கூலித் தகராறு வரும். இவற்றையெல்லாம் யார் எங்கே நின்று பார்த்தார், அவர் அங்கே நின்றதால் என்ன மாறியது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

அந்த இருநூறு பக்கத்துக்காகத்தான் இந்த வழிகாட்டி. வகுப்பில் ரிஃப்ளெக்சிவிட்டி என்று சொல்லப்படுவதை இங்கே தன்நோக்கு என்று எழுதுகிறேன். மக்களோடு தங்கிப் பழகி அவர்கள் வாழ்க்கையை எழுதும் முறையான இனவரைவியலில் கேள்விப் பட்டியலும் ஒலிப்பதிவுக் கருவியும் இரண்டாம்பட்சம். ஆய்வாளரின் உடம்பு, பேச்சு, பெயர், நடை, அவர் உட்காரும் இடம் இவைதான் முதல் கருவி. அந்தக் கருவியை ஊர் எப்படிப் படித்தது, அதனால் எது கிடைத்தது, எது கிடைக்காமல் போனது என்பதை ஒவ்வொரு முடிவோடும் சேர்த்துக் காட்டுவது தன்நோக்கு. சுயசரிதை எழுதுவதோ, பிறந்த சாதிக்காக மன்னிப்புக் கேட்பதோ அதன் வேலை இல்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் களமிறங்கப்போகும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னணி

போலந்தில் பிறந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி முதல் உலகப்போர்க் காலத்தில் நியூகினிக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்தார். 1922இல் வந்த அவருடைய நூல், மக்களோடு நெடுநாள் வாழ்ந்து அவர்கள் மொழியிலேயே பேசி எழுதுவதை ஒரு முறையாக நிலைநிறுத்தியது. அவர் 1942இல் இறந்தார். களத்தில் தமக்காக எழுதி வைத்திருந்த நாட்குறிப்பு 1967இல் அச்சேறியபோது துறையே அதிர்ந்தது. தனிமை, எரிச்சல், நோய் பயம், காமம், அந்த மக்கள்மீதே கசப்பு என்று நூலில் தலைகாட்டாத ஒரு மனிதர் அதில் இருந்தார். 1986இல் ஜேம்ஸ் கிளிஃபோர்டும் ஜார்ஜ் மார்கஸும் தொகுத்த கட்டுரைகள், இனவரைவியல் என்பது எழுதி உருவாக்கப்படுவது, எழுதுகிறவரின் அதிகாரமும் அதில் கலந்திருக்கிறது என்று வாதிட்டன. எல்லா அறிவும் ஓர் இடத்திலிருந்து பார்க்கப்பட்டதே என்று 1988இல் பெண்ணியச் சிந்தனையாளர் டோனா ஹராவே எழுதினார்.

தஞ்சைத் தரணிக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. இந்திய மானிடவியலில் அதிகம் பேசப்படும் ஊர்களில் சில இங்கேதான் இருக்கின்றன. பிரிட்டனிலிருந்து வந்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை இங்கே களப்பணி செய்தார். பத்தாண்டு கழித்து, 1961-62இல், டெல்லியிலிருந்து ஆந்த்ரே பெத்தேய் வந்தார். அவருடைய தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி. ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்த ஊரில் அவர் அக்ரகாரத்து வீடு ஒன்றில் தங்கினார். தம் உடை, தோற்றம், தங்கிய வீடு இவற்றால் தாம் பிராமணர்களோடு சேர்த்தே பார்க்கப்பட்டதையும், ஆதிதிராவிடர் தெருவுக்குத் தாம் வடக்கேயிருந்து வந்த இன்னொரு பிராமணராகவே தெரிந்ததையும், அதனால் அங்கே தமக்குக் கிடைத்த இடம் குறைவு என்பதையும் 1965இல் வெளியான நூலில் அவரே சொல்லிவிட்டார்.

அந்தச் சில வரிகளின் பயனைப் பாருங்கள். அவற்றைப் படித்தவர் அக்ரகாரம் பற்றிய பக்கங்களை ஒரு நம்பிக்கையோடும், சேரி பற்றிய பக்கங்களை இன்னொரு எச்சரிக்கையோடும் படிப்பார். நூலின் மதிப்பு அதனால் குறையவில்லை. எங்கே எவ்வளவு நம்பலாம் என்ற அளவு வாசகர் கைக்கு வருகிறது, அவ்வளவுதான். தன்நோக்கிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதல் படி: கிளம்பும் முன் உங்களைப் பற்றி எழுதுங்கள்

சாதி, வர்க்கம், பாலினம், மதம் என்று நான்கு சொல்லை அடுக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். டெல்டாவில் ஊர் ஒருவரை எடைபோடுவது பெரும்பாலும் நிலத்தை வைத்து. உங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டா? உண்டென்றால் சொந்தமா, குத்தகையா, கோயில் நிலமா? வாய்க்கால் தொடங்கும் தலைமடையா, முடியும் கடைமடையா? இல்லையென்றால் வீட்டில் யார், யாருடைய வயலில் வேலை செய்தார்கள்? நிலம் கைமாறியிருந்தால் எதற்காகக் கைமாறியது? 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே, அதைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன கதை உலவுகிறது? ஒரு கதையும் இல்லையென்றால் ஏன் இல்லை? வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். இதுவே உங்கள் முதல் களப்பணி.

அடுத்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன்? எது கிடைத்தால் எனக்குப் பிடிக்காது? யாரைப் பற்றிக் குறையாக எழுத எனக்குக் கை வராது? மூன்றாவதுக்குத்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். அதற்கு எழுதுகிற பதில்தான் பின்னால் அதிகம் உதவும்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியே வலியுறுத்திய ஒன்றை இங்கே சேர்க்க வேண்டும். ஆய்வாளரின் பிறப்பையும் வளர்ப்பையும் மட்டும் பார்த்தால் போதாது; அவர் உட்கார்ந்திருக்கும் கல்வித்துறையையும் பார்க்க வேண்டும் என்றார் அவர். நெறியாளருக்குப் பிடித்த கோட்பாடு எது, உதவித்தொகை எப்போது நிற்கும், துறையில் எந்தத் தலைப்புக்குக் கைதட்டல் கிடைக்கிறது என்பவையும் வயலில் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள் என்பதை முடிவு செய்கின்றன. சாதியைப் பற்றி மனம் திறந்து எழுதுகிற மாணவர்கள்கூட நெறியாளரைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. உங்கள் தனிக் குறிப்பிலாவது எழுதிவிடுங்கள்.

'நான் இந்த மண்ணின் பிள்ளை' என்ற வரியை எழுதும்போது நிதானம் வேண்டும். மன்னார்குடிப் பக்கத்தில் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவரும், அதே ஊரில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடவுக்குப் போகும் தாய்க்குப் பிறந்தவரும் தங்களை டெல்டாக்காரர் என்றுதான் சொல்வார்கள். இருவரும் ஒரே வரப்பில் நடந்து போனாலும் எதிரே வருகிறவர் இருவரிடமும் ஒரே மாதிரி பேசமாட்டார். உள்ளூர் ஆய்வாளர், வெளியூர் ஆய்வாளர் என்ற பிரிவே போதாது, ஒவ்வொருவரும் சில விஷயங்களில் உள்ளே, சிலவற்றில் வெளியே என்று கிரின் நாராயண் 1993இல் எழுதிய கட்டுரையை அவசியம் தேடிப் படியுங்கள்.

எழுதியதற்குத் தேதி போட்டு, உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். திருத்தாதீர்கள். ஏழாம் படியில் அது வேண்டும்.

இரண்டாம் படி: எந்த வாசல் வழியாக நுழைந்தீர்கள் என்று பதியுங்கள்

டெல்டா ஊர்களின் அமைப்பே ஒரு பாடம். அக்ரகாரம் ஒரு பக்கம், குடியானத் தெரு ஒரு பக்கம், வயலோ வாய்க்காலோ தாண்டி தலித் மக்கள் வாழும் காலனி. இன்று அக்ரகாரத்து வீடுகள் பல கைமாறிவிட்டன, பூட்டியும் கிடக்கின்றன. இருந்தாலும் தெருவின் நினைவு அவ்வளவு சீக்கிரம் கலைவதில்லை. முதல் நாள் யாருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தீர்களோ அவருடைய ஆளாகவே பல மாதம் இருப்பீர்கள். கிராம நிர்வாக அலுவலர் அழைத்து வந்தால் அரசாங்க ஆள். பஞ்சாயத்துத் தலைவர் அழைத்து வந்தால் அவர் கட்சி. விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் அழைத்து வந்தால் நிலக்காரர் வீட்டில் காபி கிடைக்கும், கணக்கு கிடைக்காது. நாகைக் கரையோர மீனவர் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் வேலை ஆரம்பிக்கவே முடியாது. ஆனால் அவர்கள் அனுமதியோடு வந்தவர் என்று தெரிந்ததும் பஞ்சாயத்தோடு மனக்கசப்பில் இருக்கிற குடும்பங்கள் வாயைத் திறப்பது கடினம்.

வாசலே இல்லாமல் நுழைய முடியாது. ஆகவே நடுநிலையான வாசல் ஒன்றைத் தேடிப் பயனில்லை. நுழைந்த வாசலைப் பதிந்துவிட்டு, இரண்டாவது வாசலைத் தேடுங்கள். ஒரு வாரம் அறிமுகப்படுத்தியவர் இல்லாமல் டவுன் பஸ்ஸில் தனியாக வந்து, காலனி நிறுத்தத்தில் இறங்கி நடந்து வாருங்கள். டீயை ஒரே கடையில் குடிக்காதீர்கள். எந்த வீட்டில் திண்ணையோடு நிறுத்தினார்கள், எங்கே கூடம்வரை கூப்பிட்டார்கள், தண்ணீர் எதில் வந்தது, நாற்காலி போட்டுவிட்டு அவர்கள் நின்றார்களா உட்கார்ந்தார்களா என்று அன்றன்றே வரைபடத்தோடு குறியுங்கள். காலனியில் சிலர் உங்களுக்கு மட்டும் கடையில் பாட்டில் குளிர்பானம் வாங்கிவரச் சொல்வார்கள். வீட்டுத் தண்ணீரை இவர் குடிப்பாரோ மாட்டாரோ என்ற நீண்டகாலச் சந்தேகம் அதில் இருக்கலாம். 'வீட்டுத் தண்ணியே குடுங்க அக்கா' என்று கேட்டு வாங்கிக் குடியுங்கள். கேட்டபோது அவர் முகம் எப்படி மாறியது என்பதும் குறிப்புதான்.

நேரமும் ஒரு வாசல். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, குறுவை, சம்பா, தாளடி என்று நெல் பருவம் ஓடுகிறது. நடவு நாளில் பெண்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். நீங்கள் பத்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினால் கண்ணில் படுவது டீக்கடை பெஞ்சில் இருக்கிற ஆண்களும் முதியவர்களும்தான். 'இவ்வூரில் பெண்கள் பேசத் தயங்குகிறார்கள்' என்று எழுதும் முன் உங்கள் பஸ் நேரத்தைப் பாருங்கள். ஊர் யார் என்பதை அந்தப் பஸ் உங்களுக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டிருக்கும்.

மூன்றாம் படி: ஊர் கேட்கும் கேள்விகளை எழுதுங்கள்

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான படி இது. நீங்கள் கேள்வித்தாளைப் பிரிப்பதற்கு முன்பே ஊர் தன் கேள்வியை ஆரம்பித்துவிடும்.

'எந்த ஊரு தம்பி?'

'அங்க எந்தத் தெரு?'

'அப்பா என்ன பண்றாங்க?'

'ஒங்களுக்குக் குலதெய்வம் எங்க?'

'கவர்மெண்டா, காலேஜா?'

'இத எழுதி என்னாகப் போவுது? எங்களுக்கு ஏதாச்சும் வருமா?'

பல மாணவர்கள் இவற்றை உபசாரப் பேச்சாக எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். இந்தக் கேள்விகளில்தான் ஊர் மனிதர்களை எப்படி வகைப்படுத்துகிறது என்பது அப்படியே கிடக்கிறது. தெருவையும் குலதெய்வத்தையும் கேட்பது சாதியைக் கேட்காமல் கேட்கும் வழி. தனி ஏடு ஒன்றில் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர், தெரு, நாள், நீங்கள் சொன்ன பதில், அதற்குப்பின் பேச்சு எப்படித் திரும்பியது என்று வரிசையாகப் பதியுங்கள். சில வாரத்தில் வேறுபாடு தெரியவரும். குடியானத் தெருவில் 'எந்த ஊரு' என்று தொடங்குகிறவர்கள், காலனியில் 'யாரு அனுப்புனா' என்று தொடங்கலாம். முதல் தெருவுக்கு வருகிறவர்கள் உறவாகவோ சம்பந்தமாகவோ வந்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு வந்தவர்கள் யாரோ அனுப்பி, எதையோ எழுதிக்கொண்டு போனவர்கள். அந்த வேறுபாட்டை எந்தப் பேட்டியும் உங்களுக்கு இவ்வளவு தெளிவாகத் தராது.

நோட்டுப் புத்தகத்தோடு வருகிற ஆளுக்கு இந்தப் பகுதியில் ஒரு வரலாறு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகைக் கரைக்குக் கணக்கெடுக்க எத்தனையோ பேர் வந்தார்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகும் அப்படித்தான். சிலருக்கு நிவாரணம் வந்தது, சிலருக்கு விட்டுப்போனது. ஆகவே 'குடும்பத்தில் எத்தனை பேர்' என்று நீங்கள் கேட்ட நொடியிலேயே ஒரு பட்டியலின் எழுத்தராக ஆகிவிடுகிறீர்கள். கிடைக்கும் விவரமும் அந்தப் பட்டியலை நோக்கியே வரும். 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து போராட்டம் வெடித்த பிறகு, வயலைப் படம் எடுக்கிற வெளியாளைப் பார்த்து 'சர்வேக்கு வந்தவனோ' என்று சந்தேகிப்பதிலும் நியாயம் இருக்கிறது. 2020இல், புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை போடும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டது என்பதால் அந்தச் சந்தேகம் போய்விடாது. உங்கள் கைப்பேசியை எப்போது வெளியே எடுக்கிறீர்கள் என்பதிலிருந்து இந்தக் கவனம் வேண்டும்.

இனி, பதில் சொல்வது. 'உண்மையைச் சொல்லிவிடு' என்று நெறியாளர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அந்த அறிவுரை எல்லோருக்கும் ஒரே விலையில் வருவதில்லை. ஆதிக்கச் சாதி மாணவர் தன் சாதியைச் சொன்னால் சில தெருக்களில் பேச்சு குறையும், அவ்வளவுதான். தலித் மாணவர் சொன்னால் வாடகை வீடு போகலாம், அவமதிப்பு நேரலாம், உடம்புக்கே ஆபத்து வரலாம். தனியாகத் தங்கும் பெண்ணுக்கு 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்ற கேள்வி வேறு ஒரு கணக்கு. ஆகவே என் நிலைப்பாடு இது: பொய்யான சாதியையோ பொய்யான குடும்பத்தையோ சொல்ல வேண்டாம், ஏனென்றால் அதன்மேல் கட்டப்படும் உறவு முழுவதும் பொய்யாகிவிடும். ஆனால் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 'காலேஜ்லேருந்து வந்திருக்கேன் ஐயா, அத எழுதத்தான் வந்தேன்' என்று நகர்ந்துவிடலாம். எங்கே நகர்ந்தீர்கள், ஏன் நகர்ந்தீர்கள் என்று அன்று இரவு எழுதிவிடுங்கள். ஒரு தலித் ஆய்வாளர் எந்தத் தெருவில் மௌனமாக இருக்க வேண்டியிருந்தது என்பது அந்தத் தெருவைப் பற்றிய உறுதியான சான்று. ஆதிக்கச் சாதியில் பிறந்தவருக்கு அந்தச் சான்று கிடைக்காது. வேறு மாணவர்களுக்கு இல்லாத அறிவை இந்த நிலை தருகிறது என்பதை நெறியாளர்கள் உரக்கச் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: ஒரே பக்கத்தில் நான்கு பத்தி

பொதுவாகக் களக்குறிப்பு ஒரு நோட்டு, சொந்த நாட்குறிப்பு இன்னொரு நோட்டு என்று சொல்லிக்கொடுப்பார்கள். நான் இதை ஏற்பதில்லை. இரண்டாகப் பிரித்துவிட்டால் பிறகு சேர்க்கவே முடியாமல் போகும். மாலினோவ்ஸ்கியின் நூலும் நாட்குறிப்பும் தனித்தனி மனிதர்கள் எழுதியது போலத் தெரிவதற்கும் இந்தப் பிரிவினை ஒரு காரணம். ஒவ்வொரு நாள் குறிப்பையும் ஒரே தாளில் நான்காகப் பிரித்து எழுதுங்கள். பார்த்தது, கேட்டது, எனக்குள் நடந்தது, அதனால் நான் கேட்காமல் விட்டது.

மாதிரிக்கு ஒன்று, இங்கே விளக்குவதற்காக நான் அமைத்தது:

*பார்த்தது:* நடவு வயல். பன்னிரண்டு பெண்கள். நிலக்காரர் என்னை அழைத்துவந்து வரப்பில் நிற்கிறார். குடை அவர் கையில், பாதி எனக்கும்.

*கேட்டது:* 'கூலியெல்லாம் சரியா வந்துடுது தம்பி, அண்ணன் கொறவே வைக்கமாட்டாரு.'

*எனக்குள்:* வெயிலில் குடை கிடைத்ததற்கு நன்றி. அவரைச் சங்கடப்படுத்த விருப்பம் இல்லை.

*விட்டது:* கூலி எவ்வளவு என்று கேட்கவில்லை. ஆண்களுக்கு எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

அதே அக்கா சில நாள் கழித்து நூறு நாள் வேலைத் தளத்தில், மரத்தடியில், கூலி பாக்கியைப் பற்றிக் கொட்டித் தீர்க்கலாம். அப்போது முதல் பதிலைப் பொய் என்று அடித்துவிட்டு இரண்டாவதை உண்மை என்று வைத்துக்கொள்ளத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். குடைக்குக் கீழே நின்றவனுக்குச் சொன்ன பதில் ஒன்று, மரத்தடியில் உட்கார்ந்தவனுக்குச் சொன்ன பதில் ஒன்று. அடுத்த நடவுக்கும் அதே நிலக்காரர் கூப்பிட வேண்டும் என்ற நிலைமை முதல் பதிலில் பேசுகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் கூலி உறவு தெரியும். நான்காவது பத்தி எழுதப்படாமல் இருந்தால் இந்த ஒப்பீட்டையே செய்ய முடியாது.

எழுதியதைப் பல இடத்தில் பத்திரப்படுத்துங்கள். மைசூர்ப் பகுதியில் ராம்புரா என்ற ஊரைப் பற்றி மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸ் தொகுத்து வைத்திருந்த ஆய்வுக் குறிப்புகள் 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் எரிந்துபோயின. நினைவிலிருந்தே எழுதி 1976இல் நூலாக்கினார். அவர் 1948இல் அந்த ஊரில் தங்கியபோது பிராமணராகப் பிறந்தவர் எப்படி நடக்க வேண்டுமோ அப்படித்தான் தம்மை ஊர் எதிர்பார்த்தது என்பதை அந்த நூலில் விரிவாகக் காணலாம். எது நினைவில் தங்கியது என்பதும் எழுதியவர் யார் என்பதைக் காட்டும்.

ஐந்தாம் படி: மனம் கொதித்த இடத்தில் நின்று பாருங்கள்

ரெனாட்டோ ரொசால்டோ பிலிப்பைன்ஸில் இலொங்கோட் மக்களிடம் ஆய்வு செய்தவர். துக்கத்தில் எழும் ஆத்திரமே தங்களைத் தலை கொய்யத் தூண்டுகிறது என்று அவர்கள் சொன்னதை அவரால் வெகுகாலம் முழுதாக ஏற்க முடியவில்லை. 1981இல் களத்திலேயே அவருடைய மனைவி மிஷெல் தவறி விழுந்து இறந்தார். அந்தத் துக்கத்தில் தம்முள் எழுந்த ஆத்திரத்தை உணர்ந்த பிறகுதான் அவர்கள் சொன்னதன் கனம் புரிந்தது என்று எழுதினார். உணர்ச்சி அறிவுக்கு வழி திறக்கும் என்பதற்கு இதை எல்லோரும் காட்டுவார்கள். நம் துக்கமே எல்லோர் துக்கத்துக்கும் சாவி என்று எடுத்துக்கொண்டால் அதே வழி அடைத்துப்போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் பகுதியில் இந்தப் பாடத்துக்குக் கீழவெண்மணியைவிடக் கனமான இடம் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். ஆண்டுதோறும் அங்கே நினைவேந்தல் நடக்கிறது. ஆய்வு மாணவர் ஒருவர் அங்கே போகும்போது வெறுங்கையாகப் போவதில்லை. படித்த கோபம், கேட்ட கதை, தான் எந்தப் பக்கம் என்ற உறுதி எல்லாம் கூடவே போகின்றன. அந்தக் கோபம் சரியானது. அதைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அது எந்தக் கேள்வியை உங்கள் வாயில் கொண்டுவருகிறது என்று பாருங்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த இரவைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். பல ஆண்டாக ஒரே கேள்விக்குப் பதில் சொன்னவரின் பேச்சில் ஒரு மேடை வரிசை வந்துவிடும். நீங்கள் கேட்க வந்ததை அவர் தருவார், நீங்களும் அழுதுவிட்டுத் திரும்புவீர்கள்.

அந்த இரவைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். ரேஷன் கடை, பிள்ளைகளின் படிப்பு, திருப்பூருக்குப் போன மகன், வாய்க்கால் தண்ணீர், மனைப் பட்டா என்று அவர்கள் இன்று வாழ்வதைக் கேளுங்கள். அவர்களாக அந்த இரவுக்கு வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஏமாற்றம் எங்கே எழுந்தது என்று குறியுங்கள். நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

ஆறாம் படி: அழைக்கும் சொல்லுக்குத் தேதி போடுங்கள்

சிறிய வேலைதான், ஆனால் தவறவிடக் கூடாது. எழுபது வயதுத் தொழிலாளி இருபத்துநான்கு வயது மாணவரை 'சார்' என்று கூப்பிட்டு எழுந்து நிற்கிறார். சில மாதத்தில் 'தம்பி' ஆகலாம், 'வாப்பா' ஆகலாம், ஆகாமலே போகலாம். மாறிய நாளைக் குறியுங்கள். 'சார்' காலத்தில் சொன்னதும் 'தம்பி' காலத்தில் சொன்னதும் பகுப்பாய்வில் தனித்தனி அடுக்காக இருக்க வேண்டும். நிலக்காரர் வீட்டுச் சிறுவன் அதே பெரியவரை எப்படிக் கூப்பிடுகிறான், நீங்கள் 'நீங்க' என்றதும் பக்கத்தில் இருந்தவர் எப்படிப் பார்த்தார் என்பதையும் விடாதீர்கள்.

ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது உங்கள் குரலையும் எழுதுங்கள். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் வைத்தால் அவர் தானாகப் பேசியதுபோல ஆகிவிடும். 'கஷ்டமாத்தான இருந்துச்சு?' என்று நீங்கள் வழிகாட்டிய பிறகு வந்த 'ஆமா தம்பி, கஷ்டந்தான்' என்பதற்கு மதிப்பு மிகக் குறைவு. பேச்சைப் புத்தகத் தமிழாகத் திருத்தவும் வேண்டாம்.

ஏழாம் படி: ஒவ்வொரு முடிவையும் உலுக்கிப் பாருங்கள்

இப்போது முதல் படியில் அனுப்பி வைத்த மின்னஞ்சலைத் திறங்கள். பிறகு ஆய்வின் முக்கிய முடிவுகளை ஒன்றுக்கு ஒரு தாள் என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பதில் எழுதுங்கள்: இதை யார் சொன்னார்கள்? எங்கே உட்கார்ந்து? கூட யார் இருந்தார்கள்? அப்போது நான் அவர்களுக்கு யார்? யாரிடம் கேட்க முடியவில்லை? இது நான் கிளம்பும் முன்பே எதிர்பார்த்ததா?

எடுத்துக்காட்டாக, 'மேல்மடைக்காரர்கள் அதிகம் எடுத்துக்கொள்வதாலேயே கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை' என்று ஒரு முடிவு. நீங்கள் தங்கியது கடைமடை ஊரில். சொன்னவர்கள் அங்கே நிலம் வைத்திருப்பவர்கள். மேல்மடையில் ஒருவரிடமும் பேசவில்லை. மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் பேசினீர்கள், ஆனால் நிலக்காரர் முன்னிலையில். நிலமில்லாதவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தோன்றவே இல்லை. இப்போது முடிவு இப்படி மாறும்: 'கடைமடை நிலவுடைமையாளர்கள் தண்ணீர்ப் பற்றாக்குறையை மேல்மடைக்காரர்களின் செயலாக விளக்குகிறார்கள்.' கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் இது நிற்கும், முதலாவது நிற்காது. பெரிய முடிவுதான் வேண்டும் என்றால் மேல்மடைக்குப் போய்த் தங்குங்கள்.

கஃப், பெத்தேய் இருவரையும் இந்த நோக்கில் சேர்த்துப் படிப்பது நல்ல பயிற்சி. கஃப் மார்க்சியர். நிலம் யாரிடம், உழைப்பு யாருடையது, விளைச்சலின் மிச்சம் எங்கே போகிறது என்று கேட்டார். பெத்தேய் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தவை எப்படி விலகிப் போகின்றன என்று கேட்டார். ஒரே பழைய தஞ்சை மாவட்டம், பத்தாண்டு இடைவெளி, இரண்டு வேறு சித்திரம். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, இன்னார் கொண்டுவந்த கேள்வியால் எது வெளிச்சத்துக்கு வந்தது, எது இருட்டில் நின்றது என்று பட்டியல் போடுங்கள். பிறகு அதே பட்டியலை உங்களுக்கும் போடுங்கள்.

எட்டாம் படி: 'நான்' வர வேண்டிய இடம்

ஆய்வேட்டில் உங்களைப் பற்றி எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை. அந்த வரியை எடுத்துவிட்டால் பக்கத்திலிருக்கும் முடிவை வாசகர் எடைபோடுவது மாறுமா? மாறாது என்றால் அடித்துவிடுங்கள். 'களத்தில் நான் பல அனுபவங்களைப் பெற்றேன்' என்பதற்கு இந்தச் சோதனையில் இடமில்லை. 'கூலி பற்றிய இந்தப் பகுதியின் பேட்டிகளில் பெரும்பாலானவை நிலக்காரர் காதுபடும் தூரத்தில் எடுக்கப்பட்டவை. மரத்தடியில் எடுத்தவற்றைத் தனியே தருகிறேன்' என்பதற்கு உண்டு. ஆகவே முன்னுரையில் குவிக்காமல், கூலி இயலில் கூலிக்கு அருகிலும், கோயில் இயலில் கோயிலுக்கு அருகிலும் எழுதுங்கள்.

'ஆய்வாளரால் கண்டறியப்பட்டது' என்ற நடை நம் துறைகளில் வேரூன்றியிருக்கிறது. 'நான் பார்த்தேன்' என்று எழுதினால் யார் பார்த்தது என்ற பொறுப்பு வருகிறது. துறை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 'ஆய்வாளர்' என்றே எழுதுங்கள். ஆனால் ஆய்வாளர் குடைக்குக் கீழே நின்றார் என்பதையும் எழுதிவிடுங்கள்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. சில ஆய்வேடுகளில் ஊரைவிட ஆய்வாளரின் மனப்போராட்டமே அதிகம். நடவுக்கார அக்காவின் முதுகுவலியைவிட அதைப் பார்த்து உங்களுக்கு வந்த வருத்தம் நீளமாக இருக்கக் கூடாது.

ஒன்பதாம் படி: எழுதியதோடு திரும்பிப் போங்கள்

ஸ்ரீபுரம்போலவே கஃப் எழுதிய கும்பப்பேட்டையும் புனைபெயர்தான். இன்றைய டெல்டாவில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. கோயிலின் பெயர், வாய்க்காலின் பெயர், தாலுகா மூன்றும் தெரிந்தால் பக்கத்து ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். தொழில், வயது, தெரு ஆகியவற்றில் ஆளைக் காட்டிக்கொடுப்பதை மாற்றுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். கூலியைப் பற்றி மரத்தடியில் பேசியவரை நிலக்காரரின் படித்த மகன் உங்கள் ஆய்வேட்டில் அடையாளம் கண்டால் அடுத்த நடவுக்கு அவருக்கு வேலை இருக்காது. அதைவிட முக்கியமான அறநெறி விதி எனக்குத் தெரியாது.

கஃப் 1976இல் தம் ஊர்களுக்குத் திரும்பி வந்தார். நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். வரைவு முடிந்ததும், ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் தமிழில் சுருக்கி, ஒவ்வொரு தெருவிலும் தனித்தனியாகப் படித்துக் காட்டுங்கள். ஒரே கூட்டமாகக் கூட்டினால் பேசுகிறவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும். அறுவடை முடிந்து உளுந்து, பயறு விதைத்த பிறகு கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் காலம் வசதியானது. 'சரியா எழுதியிருக்கேனா?' என்று கேட்டால் மரியாதைக்கு 'நல்லாருக்கு தம்பி' என்பார்கள். 'இதுல எது எங்க தெருவுல இருந்து பாத்தா தப்பு?', 'யாருட்ட கேக்காம விட்டுட்டேன்?' என்று கேளுங்கள். வரும் மறுப்பை அந்தந்த இயலிலேயே, சொன்னவரின் சொல்லிலேயே, உங்கள் முடிவுக்குப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சேருங்கள். ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கீழே எழுதலாம். ஒருவர் தான் சொன்னதை எடுத்துவிடச் சொன்னால், இயலின் நடுத்தூணே அதுதான் என்றாலும், எடுத்துவிடுங்கள்.